வாரக்கடைசி முகாமுக்காக ஒரு பழைய கூடாரத்தைச் சீரமைத்த பதிவு

பெருநகரத்திலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் சென்றுசேரக்கூடிய இடத்தில் சனிக்கிழமை கூடாரம் அடித்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வீடு திரும்பும் முகாம் எளிமையானது. ஆனால் அது கூடாரத்தை நெடும் மலைப்பயணத்தைவிட அதிகமாகச் சேதப்படுத்தக்கூடும். நெடும்பயணத்தில் கூடாரம் நாள்தோறும் விரிக்கப்படுகிறது, காற்றும் வெயிலும் பட்டு ஒருவாறு உலர்ந்துவிடுகிறது. வாரக்கடைசி முகாமிலோ ஞாயிறு காலைப் பனியின் ஈரத்தோடு அவசரமாகச் சுருட்டப்பட்டு, இறுக்கமான உறைக்குள் திணிக்கப்பட்டு, மறுநாள் வேலை நினைவில் வீட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த பயணம் வாய்க்கும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அந்த ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் அங்கேயே கிடக்கிறது. துணியின் நீர்த்தடுப்புப் பூச்சு கெடுவதில் மழையைவிட இந்த ஈரக் கிடப்புக்கே பெரிய பங்கு உண்டு என்பதை, இங்கே நான் எழுதப்போகும் கூடாரம் நன்றாகவே காட்டியது.

அது என் நண்பர் ஒருவருடையது. அவர் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் பழையதைக் கழித்துவிட எண்ணியிருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இருவர் தங்கும் அளவு, இரட்டைச் சுவர் அமைப்பு, குறுக்காக வளைந்து ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அலுமினியக் கம்பிகள், மேற்பாதி கொசுவலையால் ஆன உட்கூடாரம், அதன்மேல் போர்த்தும் பாலியெஸ்டர் மேல்விரிப்பு, நைலான் தரை என்ற வழக்கமான வடிவம்தான். இவ்வகைக் கூடாரத்தின் ஒவ்வொரு பகுதியையும் வீட்டிலேயே பழுதுபார்க்க முடியும் என்பதாலும், அடிப்படைத் துணி உறுதியாக இருக்கும்போது அதைக் குப்பைக்கு அனுப்ப மனம் வராததாலும், மாலை நேரங்களில் சிறிது சிறிதாகச் செய்து முடிப்பது என்று இறங்கினேன்.

முதல் பரிசோதனை

எந்தப் பழைய கூடாரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது துணியின் உயிர். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நைலானையும் பாலியெஸ்டரையும் மெல்ல மெல்ல நலிவடையச் செய்கின்றன. அந்த நலிவு வெளிப்பார்வைக்கு நிறம் வெளுத்ததாக மட்டுமே தெரியும். ஆனால் இரண்டு கட்டை விரல்களுக்கு இடையே துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் வலுவாக இழுத்தால் காகிதம்போல் கிழிந்துவிடும். மேல்விரிப்பின் உச்சிப்பகுதிதான் அதிக வெயில் வாங்குமிடம் என்பதால் அங்கேயே இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கு கிழிந்தால் வேறு எந்தப் பழுதையும் பார்ப்பதில் பயனில்லை. இந்தக் கூடாரத்தின் துணி சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகே மற்றவற்றைக் கணக்கெடுத்தேன்.

உறையைத் திறந்தவுடனே ஒரு புளித்த வாடை எழுந்தது. மேல்விரிப்பின் உட்புறம் விரலில் ஒட்டியது. மடிப்பு விழுந்த இடங்களில் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. தையல்களின் மேல் தொழிற்சாலையில் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய நாடா பல இடங்களில் பிரிந்து தொங்கியது. கம்பிகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு இழுவை இழந்து தளர்ந்திருந்தது. இரண்டு வாயில்களின் ஜிப்பும் மூடிய பின்பும் ஓடிக்கு, அதாவது ஜிப்பை மூட இழுக்கும் சிறு உலோகத் துண்டுக்கு, பின்னால் வாய் பிளந்தது. கொசுவலையில் விரல்நுனி அளவில் ஒரு துளை. இவற்றில் பூச்சும் தையலும்தான் உண்மையான வேலை; மற்றவை ஓரிரு மணி நேரத்தில் முடிபவை.

எந்தப் பூச்சு என்று அறிதல்

வேலையைத் தொடங்குமுன் துணியின் மேல் இருப்பது பாலியுரித்தேன் பூச்சா, சிலிக்கோன் பூச்சா என்று தெரிந்தாக வேண்டும். ஏனெனில் பாலியுரித்தேன் பசையும் பூச்சும் சிலிக்கோன்மேல் பிடிக்கவே பிடிக்காது, சிலிக்கோனுக்குச் சிலிக்கோன்தான் ஒட்டும். பாலியுரித்தேன் பெரும்பாலும் துணியின் ஒரு புறத்தில் மட்டும், உட்பக்கமாக, மெல்லிய படலம்போல் மின்னும். சிலிக்கோன் பூசிய துணி வழுவழுவென்று கையில் நழுவும். சாதாரண ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அதன்மேல் அழுத்தி எடுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வந்துவிடும். தொழிற்சாலைத் தையல் நாடா இருப்பதும் ஒரு குறிப்பு: அப்படி நாடா ஒட்டியிருந்தால் உட்புறம் பாலியுரித்தேன் என்று பெரும்பாலும் கொள்ளலாம். என்னிடம் இருந்தது மேல்விரிப்பிலும் தரையிலும் பாலியுரித்தேன்.

அந்தப் பூச்சு பிசுபிசுப்பானதற்குக் காரணம் நீராற்பகுப்பு. மலிவான, பரவலான பாலியுரித்தேன் வகைகளில் மூலக்கூறுகள் எஸ்டர் பிணைப்புகளால் இணைந்திருக்கும். ஈரமும் வெப்பமும் நீண்ட நேரம் சேர்ந்து நிற்கும்போது நீர் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த சங்கிலிகள் குறுகியவை என்பதால் படலம் இறுக்கம் இழந்து பிசினாகிறது, பிறகு உதிர்கிறது. ஈதர் வகைப் பாலியுரித்தேன் இதைக் கூடுதலாகத் தாங்கும். உடைந்த படலத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கழுவலாலும் முடியாது. அதை முற்றிலும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி. பிசுபிசுப்பின் மேலேயே புதுப்பூச்சை இட்டால் அது அடிப்படலத்தோடு சேர்ந்து உரிந்துவிடும்.

கழுவுதலும் பழைய பூச்சை எடுத்தலும்

கூடாரத்தைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது. உள்ளே சுழலும்போது வலையும் தையலும் இழுபடும், மிச்சமிருக்கும் பூச்சும் சிதையும். அகலமான தொட்டியில் குளிர்ந்த நீர், மணமும் மென்மையூட்டியும் கலக்காத சோப்பு, மென்மையான பஞ்சு ஆகியவை போதும். சாதாரணச் சலவைத்தூள் துணியில் எச்சம் விட்டுச்செல்கிறது; அந்த எச்சம் நீரை ஈர்ப்பதால் வெளிப்புறத்தில் மழைத்துளி உருண்டோடாமல் பரவி ஊறத் தொடங்கும். உட்கூடாரத்தை இப்படிக் கழுவி நிழலில் தொங்கவிட்டேன். புளித்த வாடையின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. எஞ்சியது மேல்விரிப்பின் படலத்தில் இருந்தது.

மேல்விரிப்பை ஒரு பெரிய மேசைமேல் உட்புறம் மேலாக விரித்து, கையகலப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு பகுதியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஈரமாக்கிச் சற்று ஊறவிட்டு, மென்மையான பிளாஸ்டிக் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்க்க, பழைய படலம் சிறு சிறு சுருள்களாகத் திரண்டு வந்தது. அதை உடனே துடைத்தெடுக்க வேண்டும். விட்டால் பக்கத்துப் பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் எல்லா சன்னல்களையும் திறந்து, அருகில் அடுப்போ பொறி பறக்கும் எதுவுமோ இல்லாமல், கையுறை அணிந்து செய்தேன். இந்த ஒரு கட்டம்தான் பொறுமையைக் கேட்கிறது. வேலை முழுவதிலும் பாதி நேரத்தை இதுவே எடுத்துக்கொண்டது. ஆனால் பிற்பாடு பூசும் எதுவும் நிற்பதும் உதிர்வதும் இந்தக் கட்டத்தின் தூய்மையைப் பொறுத்ததே என்பதால், அவசரப்படத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு மறுநாள் மாலை தொடர்வது நல்லது. இறுதியில் விரல்நுனியால் தடவும்போது வெறும் நெசவு மட்டுமே தட்டுப்பட வேண்டும். எங்கேனும் வழுக்கலோ ஒட்டலோ உணரப்பட்டால் அங்கே படலம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

தரையின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மூலைகளில் மட்டுமே படலம் உதிர்ந்திருந்தது. நடுவில் உறுதியாக ஒட்டியிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டு மூலைகளை மட்டும் சுத்தம் செய்தேன்.

புதிய பூச்சு

இதற்கென விற்கப்படும், நீரில் கரைந்த பாலியுரித்தேன் பூச்சைப் பயன்படுத்தினேன். கரைப்பான் வாடை இல்லாததும், தூரிகையை வெறும் நீரில் கழுவ முடிவதும் வீட்டுக்குள் வேலை செய்பவருக்குப் பெரிய வசதி. பஞ்சுத் தூரிகையால் மிக மெல்லியதாக, நெசவின் போக்கிலேயே, ஒரே திசையில் இழுத்துப் பூச வேண்டும். தடிமனாக ஒரே பூச்சாக இடுவதைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் சிறந்தவை. தடிமனான படலம் மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, மடிக்கும்போது வெடிக்கிறது, எடையையும் கூட்டுகிறது. முதல் பூச்சு காய்ந்து இரண்டாவதும் இட்ட பிறகு ஒரு முழு நாளுக்கும் மேல் தொடாமல் விட்டேன். அதற்குப் பின்பும் இரண்டு பூச்சுப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படும்போது இலேசாகப் பற்றிக்கொண்டன. முகத்துக்கு இடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவித் துடைத்ததும் அது நீங்கியது.

நீர்த்தடுப்பு எவ்வளவு வேண்டும் என்பதைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். கூடாரத் துணிகளின்மேல் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்றெல்லாம் குறிக்கப்படும் எண், துணியின்மேல் நிறுத்திய நீர்த்தூண் எவ்வளவு உயரம் எட்டும்போது மறுபுறம் துளிகள் தோன்றுகின்றன என்பதன் அளவு. மேல்விரிப்பின்மேல் மழை விழுந்து வழிந்து ஓடிவிடுவதால் 1500 மி.மீ. என்பதே அதற்கு நடைமுறையில் போதுமானது. தரையின் கதை வேறு. ஒருவர் மண்டியிடும்போது ஒரு முழங்காலில் 30 கிலோ எடை 50 சதுர செ.மீ. பரப்பில் இறங்குகிறது என்று கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ அழுத்தம். அது சுமார் 6 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். தரைக்கு அடியில் நீர் தேங்கியிருந்தால் மட்டுமே இந்த அழுத்தம் தொல்லையாகும் என்றாலும், நகரத்துக்கு அருகிலுள்ள முகாமிடங்களில் அந்த நிலை அடிக்கடி ஏற்படுகிறது. வாரந்தோறும் யாரோ ஒருவர் அதே திட்டில் கூடாரம் அடித்து அடித்து மண் இறுகிவிடுகிறது. இறுகிய மண் மழைநீரை உறிஞ்சுவதில்லை, நீர் மேலேயே நிற்கிறது. தொலைதூரக் காட்டில் தளர்ந்த மண்மேல் ஆண்டுக்கணக்கில் ஒழுகாத தரை, நகரோர முகாமிடத்தில் ஒரே மழையில் நனைவது இதனால்தான். எனவே தரையின் மூலைகளோடு நிறுத்தாமல், இருவரின் இடுப்பும் முழங்காலும் படும் பகுதிகளிலும் உட்புறமாக ஒரு கூடுதல் பூச்சு இட்டேன்.

அடிவிரிப்பு பற்றியும் இதே காரணத்தால் ஒரு கருத்து உண்டு. கூடாரத்துக்கு அடியில் போடும் விரிப்பு, கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். விளிம்பு வெளியே நீண்டால் மேல்விரிப்பிலிருந்து வழியும் நீரை அது ஏந்தி, நேராகத் தரைக்கும் விரிப்புக்கும் நடுவே கொண்டுவந்து சேர்க்கிறது.

தையல்கள்

ஊசி நுழைந்த ஒவ்வொரு இடமும் ஒரு துளை. துணியில் எவ்வளவு நல்ல பூச்சு இருந்தாலும் தையல் வழியே நீர் வரும் என்பதால்தான் தொழிற்சாலையில் நாடா ஒட்டுகிறார்கள். பிரிந்த நாடாவைத் திரும்ப ஒட்டவைக்க முயல்வது வீண். தளர்ந்த பகுதி முழுவதையும் இழுத்து எடுத்துவிட்டு, இன்னும் உறுதியாக ஒட்டியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடலாம். எடுத்த இடத்தில் எஞ்சும் பசையை ஆல்கஹாலால் துடைத்து, தையல் அடைப்பானைச் சிறு தூரிகையால் தையலின் இருபுறமும் விரலகலத்துக்குப் பூசினேன். பூசும்போது தையலைச் சற்று இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கூடாரம் இறுக்கமாக நிற்கும்போது விரியும் துளைகளுக்குள் அடைப்பான் இறங்கும். இதற்காகவே கூடாரத்தை மேல்விரிப்பின் உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பிப் போட்டு நிறுத்திவிட்டுப் பூசினேன். தையல் தானாகவே இழுபட்டு நின்றதோடு, வளைவுகளில் எங்கே இழுவை அதிகம் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

மறந்துவிடக்கூடிய இடங்கள் சில உண்டு: இழுவைக் கயிறு கட்டும் வளையங்களின் அடித்தையல், ஜிப்பின் மேல் மடிப்பு தைக்கப்பட்ட வரி, தரைத்துணி சுவரோடு சேரும் மூலை. மூன்றும் சிறியவை, ஆனால் நீர் இறங்கி நிற்கும் இடங்கள் அவைதான். சிலிக்கோன் துணியாக இருந்தால் இதே வேலையைச் சிலிக்கோன் அடைப்பானைக் கனிம டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசிச் செய்ய வேண்டும்.

கம்பிகள்

மடக்குக் கம்பிகளின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு கூடாரத்தின் எடையைத் தாங்குவதில்லை. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து வைப்பதே அதன் பணி. ஆனாலும் அது தளர்ந்தால் கம்பியே உடையக்கூடும். ஒரு துண்டு மற்றொன்றின் குழிக்குள் முழுமையாக அமராமல் மயிரிழை இடைவெளியோடு நிற்கும்போது, வளைவின் முழு அழுத்தமும் குழியின் விளிம்பில் விழுந்து அதைப் பிளந்துவிடுகிறது.

முதலில் துண்டுகளுக்கு ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டினேன். முனைத்துண்டுகளும் நடுத்துண்டுகளும் சில கூடாரங்களில் ஒன்றுபோல் இருப்பதில்லை. முனையிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, முடிச்சை வெட்டி, பழைய கயிற்றை உருவினேன். புதிய கயிறு 3 மி.மீ. தடிமன், குழாயின் உள் விட்டத்துக்கு ஏற்ப இதைவிட மெல்லியதும் தேவைப்படலாம். நீளத்தைப் பழைய கயிற்றை அளந்து முடிவு செய்யக் கூடாது. அது ஏற்கனவே நீண்டு தளர்ந்த கயிறு. விரித்த கம்பியின் முழு நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்பது நல்ல தொடக்கம்: மூன்றரை மீட்டர் கம்பிக்குச் சுமார் 2.6 மீட்டர், அதனுடன் முடிச்சுகளுக்குக் கொஞ்சம். ஒரு முனையை முடிந்து எல்லாத் துண்டுகளையும் வரிசையாகக் கோத்து, மறுமுனையை இழுத்து இடுக்கியால் பிடித்து நிறுத்திவிட்டு, கம்பியை மடக்கியும் விரித்தும் பார்த்த பின்பே வெட்டினேன். துண்டுகள் தாமாகவே சேர்ந்து அமர வேண்டும். அதே நேரம் மடக்கும்போது கையோடு போராடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே அந்த இழுவை கிடைக்கும்வரை வெட்டாமல் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய ஒரே செய்தி.

கம்பியை மடக்கும்போது ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து மடக்குவது எலாஸ்டிக்கின் ஆயுளைக் கூட்டும். இழுவை இருபக்கமும் சமமாகப் பங்கிடப்படுகிறது. கண்ணாடியிழைக் கம்பி வைத்திருப்பவர்கள் இந்த வேலை முழுவதையும் தடித்த கையுறையோடு செய்ய வேண்டும். அதன் சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது கடினம்.

ஜிப்பும் வலையும்

மூடிய பிறகு பிளக்கும் ஜிப்பைக் கண்டவுடன் பற்கள் போய்விட்டதாகப் பலர் முடிவு செய்து முழு ஜிப்பையும் மாற்றத் தையற்காரரிடம் கொடுக்கிறார்கள். சுருள்வகை ஜிப்பில் பற்கள் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. மணல் புகுந்து தேய்வது உலோக ஓடிதான். அதன் இரு தகடுகளுக்கும் இடையே உள்ள வாய் அகன்றுவிடுவதால் பற்களை அழுத்திச் சேர்க்கும் திறன் குறைகிறது. பழைய பல் துலக்கும் தூரிகையால் பற்களின் மணலை நீக்கிவிட்டு, ஓடியின் பின்பகுதியை, அதாவது மூடும்போது பின்னால் வரும் பகுதியை, சிறு இடுக்கியால் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் மிக இலேசாக அழுத்தினேன். அழுத்துவதும் இழுத்துப் பார்ப்பதுமாகச் செய்ய வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் வார்ப்பு உலோகம் விரிசல் விடும். ஒரு வாயில் இதிலேயே சரியாயிற்று. மற்றொரு வாயிலின் ஓடி அழுத்தத்துக்குப் பணிந்தாலும் இறுக்கம் நிற்கவில்லை. அதற்குப் புது ஓடிதான் தேவை. ஓடியின் பின்புறம் 5, 8, 10 என்று ஏதேனும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணும், சுருள்வகைக்கு உரியது என்பதும் பொருந்தினால் எந்தத் தயாரிப்பின் ஓடியும் பெரும்பாலும் ஏறும்.

வலைத்துளைக்கு ஒட்டும் வலைத்துண்டை வட்டமாக வெட்டி இருபுறமும் ஒட்டினேன். மூலைகளுள்ள துண்டு மூலையிலிருந்தே உரியத் தொடங்கும் என்பதால் துணி ஒட்டுக்கும் இதே விதிதான்: வட்டம் அல்லது உருட்டிய மூலைகள், கிழிசலைத் தாண்டி எல்லாத் திசையிலும் இரண்டு சென்டிமீட்டராவது.

நீர்ச் சோதனை

முகாமிடத்துக்குக் கொண்டுபோகுமுன் வீட்டிலேயே நீர் ஊற்றிப் பார்ப்பது அவசியம். கூடாரத்தை இறுக்கமாக நிறுத்தி, உள்ளே தரை முழுவதும் மெல்லிய காகிதங்களைப் பரப்பிவிட்டு, குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சினேன். வரிசை முக்கியம். உச்சியிலிருந்து தொடங்கினால் நீர் எல்லாத் தையல்களிலும் ஒரே நேரத்தில் வழிந்து, எங்கிருந்து நுழைந்தது என்பது தெரியாமல் போகும். கீழ்த்தையல், பக்கத்தையல், ஜிப் மடிப்பு, உச்சி என்று ஒவ்வொன்றாக ஏறும்போது, காகிதத்தில் தோன்றும் ஈரப்புள்ளி அப்போது நனைக்கும் தையலையே சுட்டுகிறது. கயிறு கட்டும் வளையம் ஒன்றின் அடியில் ஒரு புள்ளி தோன்றியது; உலர்ந்த பின் அங்கே இன்னொரு முறை அடைப்பான் பூசினேன். தரைக்கு, நனைந்த தடித்த துண்டு ஒன்றை அடியில் பரப்பி, மேலே உலர்ந்த காகிதம் வைத்து, அதன்மேல் முழங்காலிட்டு அமர்ந்தேன். காகிதம் உலர்ந்தே இருந்தது.

நகரத்துக்கு அருகே முதல் இரவு

சீரமைத்த கூடாரத்துக்கு முதல் இரவு அருகிலேயே அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எது தவறினாலும் நள்ளிரவில்கூடப் பொருட்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப முடிகிற தூரத்தில்தான் ஒரு பழுதுபார்ப்பை நேர்மையாகச் சோதிக்க முடியும். தங்க அனுமதியுள்ள முகாமிடம் ஒன்றை முன்பதிவு செய்து, மழைக்கு வாய்ப்புள்ள வாரக்கடைசியையே வேண்டுமென்று தேர்ந்தேன். இருட்டுமுன் சென்றுசேர்வது நல்லது. வெளிச்சத்தில்தான் தரையின் சரிவும், முந்தைய மழை தேங்கிய அடையாளங்களும் தெரியும். வறண்ட சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கும் திட்டு, நீர் நிற்கும் திட்டு. அதைத் தவிர்த்து, நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாமல், சற்று உயர்ந்த இடத்தில் கூடாரம் அடித்தேன். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழைய வழக்கம் வேண்டாம். பலர் வந்துபோகும் இடத்தில் அந்த வாய்க்கால்கள் மண்ணை அரித்து நிலத்தைக் கெடுக்கின்றன. இறுகிய மண்ணில் பிளாஸ்டிக் முளைகள் இறங்கவே இல்லை. மெல்லிய எஃகு முளைகளை, தலை கூடாரத்துக்கு எதிர்த்திசையில் சாயுமாறு, அடித்து இறக்க வேண்டியிருந்தது. நகரோர முகாமுக்கு எஃகு முளைகளையே கொண்டுசெல்லுங்கள் என்பேன்.

இரவில் மழை பெய்தது. விடியற்காலையில் மேல்விரிப்பின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். இதைக் கண்டு பூச்சு தோற்றுவிட்டது என்று முடிவு செய்பவர்கள் அதிகம்; ஆனால் ஒழுக்கும் ஆவி படிதலும் வேறுவேறு. ஒழுக்கு ஒரு தையலையோ ஒரு புள்ளியையோ தொடர்ந்து கோடாக இறங்கும். ஆவி படிந்த துளிகள் பரப்பு முழுவதும் ஒரே சீராக, தையலுக்கும் நடுத்துணிக்கும் வேறுபாடில்லாமல் இருக்கும். உறங்கும் ஒவ்வொருவரும் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் சில நூறு மில்லிலிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். குளிர்ந்த துணியைத் தொடும் காற்று தன்னால் தாங்க முடியாததை அங்கேயே விட்டுச்செல்கிறது. இரட்டைச் சுவர் அமைப்பு இருப்பதே இதற்காகத்தான்: துளி மேல்விரிப்பில் படிந்து பக்கவாட்டில் வழிந்துவிடும், உறங்குபவர் வலைக்குள் உலர்ந்திருப்பார். ஆனால் மேல்விரிப்பு தளர்ந்து உட்கூடாரத்தைத் தொட்டுவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். ஆகவே உறங்கப்போகுமுன் இழுவைக் கயிறுகளை ஒருமுறை இறுக்கினேன். உச்சிக் காற்றுவாயை மழையிலும் மூடவில்லை. காலையில் தையல்கள் ஒவ்வொன்றையும் விளக்கு வைத்துப் பார்த்ததில் கோடாக இறங்கிய நீர் எங்கும் இல்லை. தரையின் உட்புறம் உலர்ந்திருந்தது, அடிவிரிப்புக்குக் கீழே மண் நசநசவென்று இருந்தபோதிலும்.

மழை பெய்கிறது என்பதற்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீயோ இந்தத் துணிகளை நொடிகளில் உருக்கிவிடும்.

ஞாயிறு மாலை

புதுப்பூச்சு இட்ட கூடாரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வீடு திரும்பிய முதல் சில மணி நேரங்கள். முகாமிடத்தில் மேல்விரிப்பை உட்புறமும் வெளிப்புறமும் உறிஞ்சும் துணியால் துடைத்துவிட்டு, அதை உட்கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டாமல் தனி உறையில் எடுத்துவந்தேன். ஒன்றின் ஈரம் மற்றொன்றை நனைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு எந்தப் பொருளையும் பிரிக்குமுன் கூடாரத்தைத் தொங்கவிட வேண்டும் என்பதை ஒரு விதியாக்கிக்கொண்டேன். அடுக்குமாடி வீட்டில் முழுதாக விரிக்க இடமில்லை என்றால், கொடியிலோ இரண்டு நாற்காலிகளுக்கு இடையிலோ போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும். நேரடி வெயிலில் நெடுநேரம் காயவிடுவது, ஒரு பழுதைத் தவிர்க்க மற்றொன்றை வரவழைப்பதாகும்.

தொடும்போது துணி உலர்ந்ததாகத் தோன்றினாலும் மூன்று இடங்களில் ஈரம் கடைசிவரை நிற்கிறது: தரை மூலைகளின் பல அடுக்குத் தையல், ஜிப் நாடாவின் மடிப்பு, கயிறு கட்டும் வளையங்களின் தடித்த பட்டை. இவற்றை விரல்களுக்கு இடையே அழுத்திப் பார்த்துவிட்டே எடுத்து வைக்கிறேன். எடுத்து வைப்பதும் இப்போது அந்த இறுக்கமான பயண உறைக்குள் அல்ல. பெரிய பருத்திப் பையில் தளர்வாக, ஒவ்வொரு முறையும் வேறு மடிப்பில் வைக்கிறேன். கம்பிகளை மடக்காமல் விரித்தபடியே அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். எலாஸ்டிக் இழுபடாமல் கிடக்கிறது. மீதமுள்ள வேலை இரண்டாவது வாயிலின் ஜிப் ஓடி மட்டுமே. 8 எண் சுருள்வகை ஓடி வந்து சேர்ந்துவிட்டது. ஜிப்பின் கீழ்முனைத் தையலைப் பிரித்து ஓடியை ஏற்றி, முனையைத் தடித்த நூலால் குறுக்காகச் சில சுற்றுகள் தைத்துவிட்டால், அடுத்த வாரக்கடைசிக்கு இரண்டு வாயில்களும் மூடும்.